வாரேன் என்று சொல்லக் கூடாத இடங்கள்

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று பெண் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி எழுதக் கை கூசுகிறது. நான் பார்த்தேன் என்பதும் பொய். பெண்தான் என்னைப் பார்த்தார். நான் தேங்காய்ச் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் பேச்சியம்மாள். நாற்பத்தொரு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. கணவர் இறந்து ஆறு வருடம். குழந்தை இல்லை. ஒல்லியான மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்ச் ஒன்று கட்டியிருந்தார். நாடித்துடிப்பு பார்ப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் நாடி அப்போது ஓடிய ஓட்டத்துக்கு அந்த வாட்ச் போதாது.

ஓட்டல் மாடியில் மதினி என் பக்கம், தரகர் அவர் பக்கம். அண்ணன் பெண்டாட்டி என்றாலும், என்னைக் கரை சேர்ப்பதை மதினி இருபது வருடமாகத் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பேச்சியம்மாள் சாதாரணமாகக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா என்ன செய்வீங்க?"

உண்மையான பதில்: தூங்குவேன். எழுந்து துவைத்த சட்டைகளை மடிப்பேன். மறுபடி தூங்குவேன். இதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்ல? எனக்கு வேலை அச்சகத்தில், பிழை திருத்துவது. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. ஊர் உலகத்துக்கெல்லாம் நான்தான் திருமணம் செய்துவைக்கிறேன். அபூர்வமாக வேறு ஏதாவது வரும். இரண்டு மாதம் முன்னால் ஒரு தீபாவளி மலர் வந்தது. அதில் நம் பக்கத்துப் பழைய கோட்டைகள், பங்களாக்கள், அங்கே உலவும் பேய்கள் என்று நீளமாக ஒரு கட்டுரை. அது வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பேய் நடமாடுதுன்னு சொல்லுற பழைய இடங்களா தேடிப் போய்ப் பாப்பேன்" என்றேன்.

மதினிக்குப் புரையேறியது. கரண்ட் போனால் அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கத் துணை கேட்கிறவன் நான் என்பது மதினிக்குத் தெரியும். பேச்சியம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். என்னையும் கூட்டிப் போங்கள், மூன்று இடம் பார்ப்போம், அதன்பிறகு பதில் சொல்கிறேன் என்றார். தை பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்று மதினி கறாராகச் சொல்லிவிட்டார்.

புறப்படும்போது நான் "வாரேங்க" என்றேன். அவர் "சரி, கிளம்புதேன்" என்றார். பிழை திருத்துகிறவன் காது அல்லவா, உறுத்தியது. கிளம்புகிறவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பதற்கு அந்த வார்த்தையில் உத்தரவாதம் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

தீபாவளி மலரைத் தேடி எடுத்து வாசித்தேன். பாதியில் மூடிவிட்டேன். விளக்கை அணைக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

முதல் இடம், வல்லாரைக்குளம் துரை பங்களா. பகலில்தான் போக வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், இருட்டில் கட்டடக் கலையை ரசிக்க முடியாது என்ற காரணத்தோடு. "சரிதான், உச்சி வேளையிலதான நடமாட்டம் சாஸ்தி இருக்கும்" என்றார் பேச்சியம்மாள். உச்சி வேளையை நான் மறந்தே போயிருந்தேன். என் திறமை அப்படி.

பஸ்ஸை விட்டிறங்கி முள் மண்டிய உடங்காட்டுக்குள் நடந்தோம். கூரை இல்லாத பங்களா. காய்ச்சலில் செத்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி அங்கே பியானோ வாசிப்பதாக மலரில் போட்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று தூண்களை ரசித்தேன். ரொம்ப நேரம் ரசித்தேன். உள்ளே யாரோ இருமினார்கள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் ஜன்னல் திண்டின்மேல் ஏறி நின்றதுதான். ஏறியது எப்படி என்று தெரியவில்லை. இருமியது ஒரு வெள்ளாடு. ஆட்டுக்குப் பின்னாலேயே அதன் சொந்தக்காரர் வந்து, அண்ணாச்சி எதற்கு மேலே நிற்கிறார் என்று பேச்சியம்மாளிடம் கேட்டார். "கட்டடத்த ரசிக்காங்க" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பேச்சியம்மாள் ஒவ்வோர் அறையாகப் போனார். ஒவ்வொன்றிலும் யாரோ உள்ளே இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஆட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார்: செத்தவர்கள் செத்த இடத்திலேயேதான் கிடப்பார்களா, வீட்டுக்கு வர மாட்டார்களா? செத்த இடத்தை விட்டு நகராது, யாராவது கூப்பிட்டால்தான் கூட வரும் என்றார் அவர். எவ்வளவு ஆராய்ச்சி மனசு என்று நான் வியந்தேன்.

ஆட்டுக்காரரே இன்னொன்றும் சொன்னார். "இங்கேருந்து போகும்போது வாரேன்னு சொல்லிராதீங்க. எழவு விழுந்த துட்டி வீட்டுல சொல்லுவமா? அதே மாதிரிதான். வாரேன்னா, சரி நானும் வாரேன்னு கூடவே வந்துரும். போறேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க."

பேச்சியம்மாள் பங்களாவைப் பார்த்துத் தெளிவாக "போறேன்" என்றார். நான் ஆட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டு, நாற்பத்தாறு வருடப் பழக்கத்தில், "அப்ப வாரேங்க" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

காய்ச்சல். வெயிலில் அலைந்ததால்தான். அச்சகத்தில் ஒரு பத்திரிகையில் மணமகன் என்றிருந்தது என் கண்ணுக்குப் பிணமகன் என்று தெரிந்து, அலறியடித்து மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

சாயங்காலம் பேச்சியம்மாளிடமிருந்து போன்.

"வந்துட்டாங்களா?"

"யாரு?"

"துரைசாணி."

எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் என்னைக் கேலி செய்ய இத்தனை வருடத்தில் ஓர் ஆள் இருந்ததில்லை. வைக்கும்போது நான் வாரேன் என்றேன். அவர் "சரி, வைக்கேன்" என்றார்.

டிசம்பர் 13, வெள்ளி

காய்ச்சல் விட்டது. மதினி எனக்குத் தெரியாமல் வேப்பிலையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது மதினிக்குத் தெரியாது. எடுக்கவில்லை, இருக்கட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டாவது இடம், கரிசல் காட்டு நடுவில் ஒரு பாளையக்காரர் கோட்டை. கோட்டை என்று பெயர்தான். ஒரு மண் சுவரும் ஒரு கிணறும். சண்டையில் தோற்ற அன்று ராணி அந்தக் கிணற்றில் குதித்தாராம், இப்போதும் கொலுசுச் சத்தம் கேட்குமாம். நான் முன்னேற்பாடாகப் போயிருந்தேன். பேண்ட் பாக்கெட்டில் இரண்டு எலுமிச்சம்பழம்.

பேண்ட் இறுக்கம், பழம் பெரிசு. உட்காரும்போது ஒன்று உருண்டு அவர் காலடிக்கே போய் நின்றது. எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பையிலிருந்து சின்னக் கத்தி எடுத்து அறுத்துத் தண்ணீர் பாட்டிலில் பிழிந்தார். "சாமி கும்பிட்ட பழம்ங்க" என்றேன். "உப்பு இல்லையே" என்றார். ஆளுக்குப் பாதி குடித்தோம். நல்ல வெயில், நல்ல ஜூஸ். பாதுகாப்பு வயிற்றுக்குள் போய்விட்டது.

"சுடுகாட்டுச் சாமி பேர வச்சுக்கிட்டு இப்படிப் பயப்படுதீங்களே, சுடலைமுத்து சார்" என்றார்.

அந்தக் கிணற்றடியில் எனக்கு என்ன வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு பேய் பங்களாவுக்கும் போனதில்லை, பல்லி விழுந்தால் கத்துவேன், ஞாயிற்றுக்கிழமை சட்டை மடிப்பேன் என்று. கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று பார்த்தேன்.

"தெரியுமே. சட்னியப் பாத்துக்கிட்டேல்ல சொன்னீங்க."

பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வாட்சைத் திருகிக்கொண்டார். மூன்றாவது இடத்தை நானே சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான். கொலுசுச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

இதுவரை மதினிக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இன்றோடு நிறுத்துகிறேன். அவர் சரி என்று சொல்லிவிட வேண்டும். எனக்காகவே வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது "சரி, கிளம்புதேன்" என்றார்.

டிசம்பர் 25, புதன்

அந்தக் 'கிளம்புதேன்' பற்றி மதினியிடம் கேட்டேன், அச்சகத்து இலக்கண சந்தேகம்போல. மதினி ஏமாறவில்லை. தரகர் வழியாகத் தெரிந்ததாம்: கணவர் பெயர் ஆறுமுகநயினார். ஒருநாள் விடியக்காலம் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவில்லை. ஏதோ வண்டி விபத்து.

"அதுலேருந்து அந்த வார்த்தையே அவ வாயில வாரதில்லையாம். சொன்னவரு வரலையில்லா" என்றார் மதினி. மேற்கொண்டு தோண்டிக் கேட்க மனசு வரவில்லையாம்.

நான் அவரிடம் இதுவரை எத்தனை தடவை வாரேன் சொல்லியிருப்பேன். முட்டாள்.

டிசம்பர் 30, திங்கள்

பேச்சியம்மாள் செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது இடம், பெரியோடை ஒன்பது கண் பாலம். ஆகா, அது மலரிலேயே இருக்கிறது! வெள்ளைக்காரன் காலத்துப் பாலம், கட்டும்போது நரபலி, இப்போது ஒரு புதுப் பேய் வேறு. இந்த முறையாவது விவரம் தெரிந்தவனாகப் போக வேண்டும். நாலு தடவை வாசித்து மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைத் திட்டிக்கொள்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை. மனப்பாடம் செய்ததைக் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். உச்சி வேளையில் பாலத்தில் தனியாகப் போகிறவர்களிடம் ஒரு பால் வேன் டிரைவர் வந்து மணி என்னாச்சு என்று கேட்பான். பதில் சொன்னவர் ரத்தம் கக்கிச் சாவார். குடிபோதையில் வேனை ஓட்டி, கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடையில் விழுந்து செத்தவன். கக்கி என்ற இடத்தில் தொண்டையைப் பிடித்து நடித்துக்கூடக் காட்டினேன்.

பேச்சியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்க மாட்டாரு" என்றார்.

"இல்லைங்க, குடிபோதையில்னுதான் போட்டிருக்கு. ஐகாரம் இல்லாம 'போதயில்'னு இருந்துச்சு, நான்தான் திருத்துனேன்" என்றேன் பெருமையாக. ஆம், பெருமையாக.

அவர் முகத்தை இன்னும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். விவரம் தெரிந்தவனாகத் தெரிகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. கடைக்காரர் நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அந்தப் பேய்க்குத் தலை கிடையாது, பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பீடி குடிக்கும் என்றார். தலையில்லாமல் பீடி எப்படி என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்பாதவர்கள் விசாரித்துப் பார்த்துக்கொள்ளட்டும், நான் என்ன கதையா விடுகிறேன் என்றவர் சொன்னார்: "ஆறுமுகநயினார்னு பேரு. டவுனுக்குப் பால் கொண்டு போற ஆளு."

கையில் டீ கிளாஸ் இருந்தது. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. திரும்பினால் பேச்சியம்மாள் பாலத்துமேல் நடந்துகொண்டிருந்தார். சாவி கொடுத்த பொம்மைபோலப் பின்னால் போனேன். பயத்தில் இல்லை. இந்த வாயால் அரைமணி நேரம் அந்த மனுஷரைக் கொன்றிருக்கிறேன், அவர் பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து.

சுவரில் ஓர் இடம் மட்டும் புதுச் சிமெண்டில் வெளுத்திருந்தது. அதன் முன்னால் நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையால் வேண்டாம் என்றார். பிறகு அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் பொட்டணமாக் கட்டிக் குடுத்தாங்க. வாட்ச் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு. இங்க ஒருத்தரு மணி கேக்காருன்னு ஊரெல்லாம் பேச்சு. வாட்ச் எங்கிட்டல்லா இருக்கு? கேக்கத்தான செய்வாரு."

ஆறு வருடமாக இங்கே வர வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாராம். சொந்தக்காரர்கள் திட்டியிருக்கிறார்கள். கூட வர யாருமில்லை. தனியாக வரத் தைரியமில்லை. அப்போதுதான் ஓர் ஆள், சட்னியைப் பார்த்துக்கொண்டு, பேய் இருக்கிற இடங்களுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஓடையில் தண்ணீர் இல்லை. தலைக்கு நேரே வெயில். பேச்சியம்மாள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மணி பன்னெண்டரை."

பதில் சொன்னால் ரத்தம் கக்குவார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவர் அப்படியே நின்றார். போறேன் என்று சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை. துரை பங்களாவில் அவ்வளவு சுலபமாகச் சொன்ன வார்த்தை. வாயைத் திறப்பார், மூடுவார். இப்படியே நேரம் போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவர் இடத்துக்கு வந்திருக்கிறோம், அவரைப்பற்றிக் கண்டபடி பேசியிருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் நிற்பது மரியாதையா? முன்னால் போய்ச் சுவரைப் பார்த்துக் கையைக் கூப்பினேன்.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. வாரேங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உலகத்தில் எந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அந்த இடத்தில், எந்த ஆளிடம் சொல்லக் கூடாதோ அந்த ஆளிடம்.

பேச்சியம்மாள் திரும்பி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது, வாட்ச் கட்டிய கையாலேயே துடைத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பி, "போறேங்க" என்றார். வந்த வழியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பஸ் ஏறினோம். ஊர் நெருங்கும்போது, "எல்லாரும் அவரப் பேயின்னாங்க. நீங்கதான் அண்ணாச்சின்னீங்க" என்றார். கல்யாணத்துக்கு என்ன பதில் என்று கேட்கத் தைரியமில்லை. இப்படிப்பட்ட நாளில் அதைக் கேட்கிறவன் மனுஷனா? கிடைக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பரவாயில்லை, அவர் பாலத்தைப் பார்த்துவிட்டார்.

அவர் தெருமுனையில் பஸ் நின்றது. இறங்கினார். 'கிளம்புதேன்' வரும் என்று காத்திருந்தேன். அவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"போயிட்டு வாரேன்."

பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அதற்கு என்ன பதில் என்று. எனக்கு வாய் வரவில்லை. பஸ் கிளம்பி, பெட்ரோல் பங்க் தாண்டி, அவர் சின்னதாகத் தெரிகிறபோதுதான் வந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, "வாங்க! வாங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தலையை உள்ளே எடுங்க சார் என்றார் கண்டக்டர்.

அவர் கையை ஆட்டினார். கேட்டிருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

காலையில் மதினி, என்ன சொன்னாள் என்று கேட்டார். "வாரேன்னு சொன்னாங்க" என்றேன். மதினி கரண்டியைப் போட்டுவிட்டு, தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கக் காலண்டரிடம் ஓடினார்.

மலரை மறுபடி அச்சடிப்பதாக இருந்தால் 'குடிபோதையில்' என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அதில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லையே என்றார். பிழைதான் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, சரி என்றார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அச்சகத்தில் நான் தனியாக இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டரை ஆச்சு, அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தேன். நேற்று நான்தானே வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஒருவேளை கூடவே வந்திருந்தால்? மரியாதைக்காகத்தான், பயத்தில் இல்லை என்று எழுத நினைத்தேன். நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது. கொஞ்சம் பயம்தான்.